மண்ணைக் கொத்தாமல் காய்கறி விளையுமா?

வீட்டுத் தோட்டம் பற்றிய காணொளிகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் 'மண்ணைக் கொத்தாதீர்கள்' என்ற அறிவுரை இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அகல உழுவதை விட ஆழ உழு என்று சொல்லிப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அறிவுரையை அப்படியே நம்பி மண்வெட்டியை மூலையில் சாய்த்து வைத்தவரின் பாத்தி, மறு ஆண்டே இறுகிக் கோரை மண்டி, வெண்டைச் செடி முழங்கால் உயரத்துக்கு மேல் எழாமல் நின்றுவிட்டால், அவர் இந்த முறையையே பொய் என்று முடிவு கட்டிவிடுகிறார். ஆனால் அவர் செய்தது முறையின் பாதி மட்டுமே. கொத்தாமல் விடுவது ஒரு பாதி. மண்ணை எப்போதும் மூடி வைத்து, மேலிருந்தே அதற்கு உணவு கொடுப்பது மறு பாதி. மூடாமல் கொத்தாமல் மட்டும் விடுவது, கொத்துவதை விடவும் மோசமான பலனையே தரும். ஏன் அப்படி என்பதை மண்ணிலிருந்தே தொடங்கிப் பார்க்க வேண்டும்.

## மண்ணுக்குள் இருக்கும் கட்டுமானம்

மண் வெறும் தூள் அன்று. மணல், வண்டல், களி என்னும் மூவகைத் துகள்களையும் வேர்க்கசிவும் பூஞ்சை இழைகளும் மண்புழுவின் எச்சமும் பசைபோல ஒட்டிச் சிறு சிறு உருண்டைகளாக்கி வைத்திருக்கின்றன. இவற்றை மண்திரள் என்று இங்கே குறிப்போம். திரள்களுக்கு இடையிலுள்ள பெரிய இடுக்குகள் வழியே நீர் இறங்குகிறது, காற்று புகுகிறது, வேர் நுழைகிறது. திரள்களுக்கு உள்ளே இருக்கும் நுண்துளைகளில் நீர் தங்கி நிற்கிறது. ஆக, மண்ணின் வளம் அதில் என்னென்ன சத்து இருக்கிறது என்பதோடு முடிவதில்லை; அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் வளமே.

இந்த வேறுபாட்டை வீட்டிலேயே கண்ணால் காணலாம். ஆண்டுக்கணக்கில் கொத்தப்பட்ட பாத்தியிலிருந்து எலுமிச்சை அளவில் ஒரு மண்கட்டியும், வேலியோர மரத்தடியில் சருகுக்குக் கீழிருந்து அதே அளவில் இன்னொரு கட்டியும் எடுத்து, இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவைத்து, தேநீர் வடிகட்டியில் வைத்தபடி இரு கண்ணாடித் தம்ளர் நீரில் மெதுவாக இறக்க வேண்டும். முதலாவது பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே குமிழி விட்டுக்கொண்டு உதிர்ந்து, தம்ளரின் அடியில் சேறாகப் படிந்து, நீரையும் கலக்கிவிடும். இரண்டாவது அரை மணி நேரம் கழிந்தும் உருக்குலையாமல் இருக்கும். நீரும் ஏறக்குறையத் தெளிவாகவே நிற்கும். அடைமழையில் திறந்த பாத்தியின் மேற்பரப்பில் நடப்பதும் முதல் தம்ளரில் நடந்ததுதான். கரைந்த சேறு இடுக்குகளை அடைத்து, வெயில் பட்டதும் ஓடுபோல இறுகுகிறது. செம்மண் நிலத்தில் போட்ட கீரை விதை முளைவிட்டும் மேலே வரமுடியாமல் போவதற்கு இந்த மேலோடு ஒரு முக்கியக் காரணம்.

மண்வெட்டி இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதை இனி வரிசையாகச் சொல்லலாம்.

1. திரள்கள் உடைகின்றன. அவற்றைப் பிணைத்திருந்த பூஞ்சை இழைகள் அறுபடுகின்றன. வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்தி, வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவந்து தரும் வேர்ப்பூஞ்சைகளும் இதில் அடக்கம்.

2. திரளுக்குள் பொதிந்து கிடந்த மட்கு (சிதைந்த தாவர, உயிர்ப் பொருள்) திடீரென்று காற்றுக்கு வெளிப்படுகிறது. நுண்ணுயிர்கள் அதை வேகமாகத் தின்று கரியமில வாயுவாக வெளியேற்றுகின்றன. வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் இந்தச் சிதைவு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதால், குளிர்நாட்டு மண்ணை விட நம் மண் இதில் இழப்பது மிக அதிகம்.

3. அடியில் உறங்கிக் கிடந்த களை விதைகள் மேலே வருகின்றன. சிறிய விதையுடைய களைகள் பலவற்றுக்கு முளைப்பதற்கு ஒளியின் தூண்டல் வேண்டும். மண்ணைப் புரட்டும் அந்தக் கண நேரத்தில் படும் வெளிச்சமே சிலவற்றுக்குப் போதுமானது.

4. மண்புழுவின் துளைகள் அழிகின்றன. நீரை அடி வரை இறக்கும் குழாய்கள் அவை.

கடைசியாகச் சொன்னதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. சார்லஸ் டார்வின் 1881-இல் வெளியிட்ட தம் இறுதி நூலை மண்புழுக்களுக்கே ஒதுக்கினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஆண்டுக்கு ஏக்கருக்கு 10 டன்னுக்கும் அதிகமான மண் புழுக்களின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். மனிதன் கலப்பையைக் கண்டுபிடிக்கும் முன்பே நிலம் உழப்பட்டுத்தான் வந்தது என்பது அவர் கண்ட முடிவு. தமிழகத்தில் இதே பாடத்தைப் பல்லாண்டுகளாகச் சொல்லி வருபவர் சென்னையைச் சேர்ந்த மண்ணியல் அறிஞர் சுல்தான் இஸ்மாயில். வெளிநாட்டுப் புழுக்களை விலைகொடுத்து வாங்குவதற்குப் பதிலாக, நம் மண்ணுக்கே உரிய புழு இனங்கள் தாமாகப் பெருகும் சூழலை உண்டாக்க வேண்டும் என்பது அவரது வலியுறுத்தல். மேலே உணவும் நிழலும் ஈரமும் இருந்தால் புழு வரும். வெயிலில் வெந்து கிடக்கும் வெற்றுப் பாத்திக்கு அதை வாங்கிக் கொண்டுவந்து விட்டாலும் நிற்காது.

## அப்படியானால் உழவு ஏன் பலன் தந்தது?

கொத்துவது வெறும் மூடநம்பிக்கை என்று பேசுவோர் சிலர் உண்டு. அது நேர்மையான வாதம் ஆகாது. 'தொடிப்புழுதி கஃசா உணக்கின்' என்று தொடங்கும் குறள், ஒரு பலம் (பழைய எடை அளவு) புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும் என்கிறது. இது கவிஞரின் மிகைக்கூற்று அன்று. நன்றாகக் காய்ந்த மண் மறுபடி நனையும்போது, இறந்த நுண்ணுயிர்களும் வெளிப்பட்ட மட்கும் சட்டென்று சிதைந்து தழைச்சத்தாக (நைட்ரஜன்) மாறுவதை மண்ணியல் பின்னாளில் அளந்து காட்டியிருக்கிறது. உழுத நிலத்தில் முதல் மழைக்குப் பயிர் கருகருவென்று எழுவது அதனால்தான்.

அந்தச் சத்து எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போதுதான் விடை முழுமை பெறுகிறது. அது மண்ணின் சேமிப்பிலிருந்து எடுத்த தொகை. எடுத்த அளவுக்குத் தழையும் எருவும் திரும்பப் போய்க்கொண்டிருந்த காலத்தில் கணக்கு நேராயிற்று. போடுவது நின்று எடுப்பது மட்டும் தொடர்ந்தபோது சேமிப்பு கரைந்தது. மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரிமம், அதாவது மட்கில் அடங்கிய கரிமம், 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் 'குறைவு' என்று குறிப்பார்கள். தமிழகத்தின் மேட்டு நிலங்களில் இந்தச் சொல்லைக் காண்பது மிகச் சாதாரணம். இதே அதிகாரத்தின் அடுத்த குறள் 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' என்று தொடங்குவதையும் சேர்த்தே படிக்க வேண்டும். உழுவதை விட எருவிடுவது மேல் என்ற அந்தத் தர வரிசையின் மீதுதான் கொத்தாத பாத்தி நிற்கிறது.

## சான்றுகள் சொல்வது என்ன?

வயல் அளவில் நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பார்த்த கட்டுரை ஒன்று 2015-இல் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்தது. 610 ஆய்வுகள், 48 பயிர்கள், 63 நாடுகள் என்று விரிந்த அந்தத் தொகுப்பில், உழாத நிலம் சராசரியாக 5.7 விழுக்காடு குறைவாகவே விளைந்தது. ஆனால் உழாமையோடு பயிர்க்கழிவை நிலத்திலேயே விட்டு மூடுவதும், பயிரை மாற்றி மாற்றிச் செய்வதும் சேர்ந்தபோது, வறண்ட மானாவாரி நிலங்களில் விளைச்சல் 7.3 விழுக்காடு கூடியது. மண்வெட்டியை மட்டும் கைவிட்டவரின் வெண்டை ஏன் வளரவில்லை என்பதற்கான விடை இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

காய்கறிப் பாத்தி அளவில் அதிகம் பேசப்படுவது இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் காய்கறித் தோட்டக்காரர் சார்லஸ் டவுடிங் நடத்தி வரும் ஒப்பீடு. 2013 முதல் ஒரே அளவுள்ள இரு பாத்திகளில் ஒரே அளவு மட்கு உரமிட்டு, ஒன்றைக் கொத்தியும் மற்றதைக் கொத்தாமலும் பயிரிட்டு, பறித்த ஒவ்வொன்றையும் அவர் எடை போட்டு வருகிறார். மொத்தத்தில் கொத்தாத பாத்தியே சற்று முந்தி நிற்கிறது. இருப்பினும் அது ஓர் ஒற்றைத் தோட்டத்தின், குளிர்ந்த மிதமான தட்பவெப்பத்தின் கணக்கு. உழைப்பு மிச்சம், விளைச்சலுக்கு நட்டமில்லை என்ற அளவில் அதை ஏற்கலாம். அதற்கு மேல் அதன் மீது எதையும் கட்டக் கூடாது.

அந்த முறையை அப்படியே நகலெடுக்கவும் கூடாது. அங்கே மட்கு உரத்தையே மேற்பரப்பில் பரப்பித் திறந்து விடுகிறார்கள். வைக்கோலால் மூடினால் ஈரமான அந்த நாட்டில் ஓடில்லா நத்தைகள் அதற்கடியில் பெருகிவிடும். நம் ஊரில் கோடையில் திறந்த மண்ணின் மேற்பரப்பு 50 பாகை செல்சியசையும் தாண்டிக் காய்கிறது. விலை கொடுத்து வாங்கிய மட்கு உரத்தைத் திறந்து போட்டால் இரண்டு வாரத்தில் அது உயிரற்ற கறுப்புத் தூளாகி, தண்ணீர் ஊற்றினாலும் உடனே நனையாமல் மிதக்கும். ஆகவே இங்கே உரத்தின் மேல் சருகோ வைக்கோலோ கட்டாயம். இயற்கை வேளாண் பயிற்சிகள் வழியே பரவி இன்று வீட்டுத் தோட்டக்காரர்கள் எல்லோரும் சொல்லும் 'மூடாக்கு' இதுவே.

## சிறிய இடத்தில் கூடுதல் விளைச்சல் எங்கிருந்து வருகிறது?

சிறு தோட்டத்தில் நிலத்தைப் போலவே நாளும் விலைமதிப்புள்ளது. கொத்தும் முறையில் பழைய செடியைப் பிடுங்கி, கொத்தி, ஆறவிட்டு, எருவிட்டு, சமன்செய்து, மறுபடி நடுவதற்குள் 10 முதல் 15 நாள் ஓடிவிடும். ஆண்டுக்கு மூன்று போகம் என்றால் ஒரு மாதத்துக்கும் மேல் பாத்தி வெறுமையாகக் கிடக்கிறது என்று பொருள். கொத்தாத பாத்தியில் காய்ப்பு ஓய்ந்த செடியைத் தரையோடு அறுத்துவிட்டு, வேரை உள்ளேயே மட்க விட்டு, ஒரு சாண் தள்ளி மூடாக்கை விலக்கிக் குச்சியால் துளையிட்டு, அன்று மாலையே அடுத்த நாற்றை ஊன்றலாம். மிச்சமாகும் அந்த நாட்களில் 25 முதல் 30 நாளில் அறுவடைக்கு வரும் ஒரு முளைக்கீரை விளைச்சல் முழுதாக அடங்கிவிடுகிறது.

இரண்டாவது ஆதாயம் நீர். மூடிய மண்ணிலிருந்து ஆவியாவது குறைவதால் பாய்ச்சும் இடைவெளி நீள்கிறது. அதை விட முக்கியமாக, மேல் 2 அங்குல மண்ணும் ஈரமாக இருப்பதால் சத்து மிகுந்த அந்த அடுக்கில் வேர் பரவ முடிகிறது. திறந்த மண்ணில் கோடையில் அந்த அடுக்கு வேருக்குப் பயன்படுவதே இல்லை.

## ஒரு பாத்திக்கு எவ்வளவு உரம்?

இந்த முறையைப் புகழ்ந்து பேசுவோர் பெரும்பாலும் மறைத்துவிடும் இடம் இது. 4 அடி அகலம், 10 அடி நீளம் கொண்ட ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் நின்றால் நடுப்பகுதி வரை கை எட்டும் என்பதால் 4 அடி. பாத்திக்குள் ஒருபோதும் கால் வைக்கக் கூடாது, மிதித்தால் கொத்தாததன் பலன் அழியும். இதன் மேல் 4 அங்குலம் மட்கு உரம் பரப்ப 13 கன அடிக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய 375 லிட்டர் வேண்டும். 50 கிலோ சிமெண்டு சாக்கில் அளந்தால் 11 சாக்கு. ஈரத்தோடு எடை 200 கிலோவை ஒட்டி வரும்.

நாளுக்கு 1 கிலோ காய்கறிக் கழிவு சேரும் வீடு ஒன்று, அது மட்கியபின் ஐந்தில் ஒரு பங்காகும் என்று கொண்டால், ஓர் ஆண்டில் 70 கிலோவை ஒட்டித்தான் உரம் எடுக்கும். ஒரு பாத்தியின் தொடக்கத் தேவைக்கே அது போதாது. ஒரு சென்ட் நிலம் என்பது 435 சதுர அடி; அது முழுவதையும் முதல் ஆண்டே மாற்ற முனைவது உரத்துக்கே பெருந்தொகை செலவழிப்பதில் முடியும். என் கருத்தில், முதல் ஆண்டு ஒரே ஒரு பாத்தி போதும். உரத்தை 2 அங்குலமாகக் குறைத்து, அதன் மேல் 4 முதல் 6 அங்குலம் கலப்பு மூடாக்கு இடுவது நம் வெப்பத்துக்கும் பொருந்தும், செலவுக்கும் பொருந்தும். நன்கு மட்கிய தொழு உரமோ, மாநகராட்சி நுண் உரக்கூடங்களில் கிடைக்கும் உரமோ எதுவானாலும் சரி. பின்னதைக் கண்ணாடித் துண்டும் நெகிழியும் போகச் சலித்தே பயன்படுத்த வேண்டும். களைக்கொல்லி எச்சம் இருக்குமோ என்ற ஐயம் எழுந்தால், அந்த உரத்தைத் தொட்டியில் நிரப்பி நான்கு தட்டைப்பயறு விதைகளை ஊன்றிப் பார்க்கலாம். புதிய இலைகள் சுருண்டு கோணலாக வந்தால் அந்த உரம் பாத்திக்கு ஆகாது.

மூடாக்கைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பொருளில் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் எத்தனை பங்கு என்பதைக் கரிம-தழைச்சத்து விகிதம் என்பார்கள். நெல் வைக்கோலில் இது 60 முதல் 80, மட்காத தென்னை நார்க்கழிவில் 100-க்கும் மேல், மரத்தூளில் நூற்றுக்கணக்கில். இவற்றை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும். மேலே கிடக்கும்வரை இழுப்பு மேற்பரப்போடு நின்றுவிடும். மண்ணோடு கலந்துவிட்டால் பயிர் மஞ்சளித்துவிடும். வைக்கோலைப் புரட்டி உள்ளே தள்ளாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். கிளைரிசிடியா, அகத்தி போன்ற பசுந்தழையைக் காய்ந்த சருகோடு கலந்து போட்டால் விகிதம் தணியும்.

## பாத்தி அமைக்கும் வரிசை

1. இருக்கும் களையைத் தரையோடு அறுத்து அங்கேயே போடவும். வேரைப் பிடுங்கத் தேவையில்லை. அருகு மட்டும் விதிவிலக்கு; கோரைக்கான வழி கீழே தனியாக வருகிறது.

2. தரையை நன்றாக நனைக்கவும். காய்ந்த மண்ணை மூடினால் அது காய்ந்தபடியே நீண்ட நாள் கிடக்கும்.

3. ஒட்டு நாடாவும் பளபளப்பு அச்சும் நீக்கிய அட்டைப்பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்று அரை அடி ஏறும்படி பரப்பி, அவற்றையும் ஊற ஊற நனைக்கவும்.

4. மட்கு உரம், அதன் மேல் மூடாக்கு. நாற்றின் தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விடவும். இல்லையேல் தண்டு அழுகும், கரையானும் ஏறும்.

5. முதல் போகத்துக்கு நாற்று நடும் பயிர்களான தக்காளி, கத்தரி, மிளகாய் ஏற்றவை. வெண்டை, அவரை போன்ற பெரிய விதைகளை மூடாக்கை விலக்கிய குழியில் ஊன்றலாம். கீரை விதைக்கு மூடாக்கை ஒரு பட்டையாக முழுவதும் ஒதுக்கி, முளைத்து நான்கு இலை வந்தபின் திரும்ப நெருக்கவும்.

## கோரை என்னும் தனி வழக்கு

பிற களைகள் இருட்டில் சோர்ந்து மடியும், கோரை அப்படியன்று. ஊசிபோன்ற அதன் குருத்து அட்டையை மட்டுமல்ல, நெகிழித் தாளையும் துளைத்துக்கொண்டு வெளிவரும். கொத்தினால் நிலைமை இன்னும் கெடும்: சங்கிலியாகப் பிணைந்த கிழங்குகளில் முன்னுள்ளது முளைத்திருக்கும்வரை பின்னுள்ளவை அடங்கிக் கிடக்கும், சங்கிலியை அறுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். மண்வெட்டியால் கோரையை ஒழிக்க முயன்றவர்கள் அதைப் பெருக்கியது இப்படித்தான். சித்திரை வைகாசியில், நனைத்த மண்ணின் மேல் ஒளி ஊடுருவும் நெகிழித் தாளை விளிம்பெல்லாம் மண்ணிட்டு அடைத்து 4 முதல் 6 வாரம் விட்டால் மேல் அடுக்கின் விதைகள் பெரும்பாலும் வெந்துவிடும். கோரைக் கிழங்கு குறையுமே தவிர முற்றிலும் அழியாது. மூடாக்கு இட்டபின் தலைகாட்டும் ஒவ்வொரு குருத்தையும் வாரம் ஒரு முறை தவறாமல் கிள்ளி, கிழங்கின் இருப்பைத் தீர்ப்பதே எஞ்சிய வழி. ஓராண்டு பொறுமை அதற்கு வேண்டும்.

## எங்கே கொத்த வேண்டும், எங்கே மூடாக்கை விலக்க வேண்டும்

வீடு கட்டியபோது கொட்டிய கல்லும் காரையும் சவுடும் கெட்டித்துக் கிடக்கும் மனையில் கொத்தாமை விரதம் பொருளற்றது. நன்றாக நீர் பாய்ச்சிய மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்திப் பார்க்க வேண்டும். அரை அடிக்குள் அது முட்டி நின்றால், கடப்பாரையால் ஒரு முறை ஆழமாகத் தளர்த்தி, கற்களைப் பொறுக்கிவிட்டு, அதன்பின் மூடுவதே அறிவு. கரிசல் மண்ணுக்கு இது தேவைப்படாது. காயும்போது வெடித்தும் நனையும்போது விரிந்தும் அது தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது.

வேரை மண்ணிலேயே விடுவதற்கும் விலக்கு உண்டு. அறுத்த தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவற்றின் வேரில் மணிமணியாக முடிச்சுகள் தென்பட்டால் அது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலை. அந்த வேரை முழுவதும் தோண்டி எடுத்து வெயிலில் காயவைத்து எரித்துவிட்டு, அடுத்த போகத்தில் துலுக்கச் சாமந்தி நடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழையின்போது கனத்த மூடாக்கு நத்தைக்கும் மரவட்டைக்கும் தங்குமிடமாகும் என்பதால், ஐப்பசி தொடங்கியதும் அதைப் பாதியாகக் குறைத்து இளநாற்றுகளிடமிருந்து தள்ளி வைக்க வேண்டும். தென்னை உள்ள வீட்டில் உரக்குவியலில் காண்டாமிருக வண்டின் புழு வளரும். வெள்ளையாகத் தடித்துச் சுருண்டு கிடக்கும் அதைக் கிளறிப் பொறுக்காமல் உரத்தைப் பாத்திக்குக் கொண்டுபோவது, தென்னையின் குருத்துக்கு எதிரியைக் கையோடு வளர்ப்பதாகும்.

## இரண்டாம் ஆண்டு முதல்

தொடக்க உரத்தை ஒவ்வோர் ஆண்டும் திரும்ப இடக் கூடாது. மட்கு உரத்தில் பயிருக்குத் தேவையான தழைச்சத்தை ஈடுகட்டும் அளவுக்குப் போட்டுக்கொண்டே போனால், பயிர் எடுத்தது போக மணிச்சத்து மண்ணில் குவிந்து, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளை வேர் எடுப்பதற்குத் தடையாகும். இரண்டாம் ஆண்டு முதல் ஆடிப்பட்டத்துக்கு முன் ஓர் அங்குல உரமும், ஆண்டு முழுவதும் குறையக் குறையச் சருகும் போதும். மூன்றாம் ஆண்டின் முடிவில் மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுத்துப் பார்த்து, அங்ககக் கரிமம் 0.75 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால், உரத்தை அரை அங்குலமாகக் குறைத்து, மிச்சத்தை அடுத்த புதிய பாத்திக்கு ஒதுக்கலாம்.